பருந்துக்குஞ்சின் பசி

சிபிச் சக்கரவர்த்தியின் கதையைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோழர்களுக்குச் செம்பியன் என்ற பெயரே அந்த வழியில் வந்ததாகச் சொல்வார்கள். பாண்டியன் அவையில் நீதி கேட்டு நின்ற கண்ணகி தன் ஊரின் பெருமையாக முதலில் எடுத்துச் சொன்னதும் புறாவின் துயர் தீர்த்த அரசனைத்தான். நம் நினைவில் நிற்பவை புறாவும் தராசும் அரசன் அரிந்து வைத்த சதையும். பருந்து என்ன பேசியது என்பதை அநேகமாக மறந்துவிட்டோம். மகாபாரதத்தின் வனபருவத்தில் இந்தக் கதை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வருகிறது; ஓரிடத்தில் அரசனின் பெயர் உசீனரன். அங்கே பருந்து கெஞ்சவில்லை, வாதாடுகிறது. புறா தனக்கு விதிக்கப்பட்ட உணவு என்கிறது. அது கிடைக்காமல் தான் செத்தால் தன் துணையும் குஞ்சுகளும் சாகும் என்கிறது. ஓருயிரைக் காப்பதாகச் சொல்லிப் பல உயிரைப் போக்குவது என்ன அறம் என்று கேட்கிறது. இன்னோர் அறத்தின் வழியை மறிப்பது அறமே ஆகாது என்று முடிக்கிறது. அரசன் இதில் எதையும் மறுக்கவில்லை. காளை, பன்றி, மான், எருமை என வேறு இறைச்சி தருகிறேன் என்றுதான் பேரம் பேசுகிறான். அன்னமோ பழமோ தருவதாக அவன் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூட்டிலிருக்கும் குஞ்சுகளின் பசி நியாயமானது என்று அவன் ஏற்றுக்கொண்டுவிட்டான். அந்தப் பசிக்கான விலையை யார் கொடுப்பது என்பதில்தான் வழக்கு.

அந்தப் பருந்து கூட்டுக்குத் திரும்பாமலே போயிருந்தால் என்ன ஆகும்? குஞ்சுகளை மனிதர் எடுத்து, வேறு உயிர்களின் இறைச்சியை ஊட்டி, பறக்கும் வயது வந்ததும் இன்னும் பல உயிர்களைக் கொன்று வாழும்படி வெளியே விடுவது கருணையா? டெல்லியில் இந்தக் கேள்வி ஏட்டிலிருந்து எழவில்லை, தெருவிலிருந்து எழுந்தது. செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக்கின் முகப்பில், திகம்பர ஜைனர்களின் செங்கோயில் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு தர்ம மருத்துவமனை பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. புறாவுக்கும் கிளிக்கும் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்து, குணமானவற்றைக் கூரையிலிருந்து பறக்கவிடுகிறார்கள். ஆனால் இரைகொல்லிப் பறவைகளுக்குக் கட்டுப் போட்டு அனுப்புவார்களே தவிர, உள்ளே தங்கவைப்பதில்லை என்பது அதன் நெடுநாள் வழக்கம். தங்கவைத்தால் இறைச்சி போட வேண்டும் அல்லவா? காயம்பட்ட ஒரு பருந்தை இளவயதில் அங்கே எடுத்துச் சென்று, அது மாமிசம் தின்னும் பறவை என்பதால் திரும்பி வந்தவர்கள் நதீம் ஷேஜாத், முகமது சவுத் என்ற சகோதரர்கள். பின்னாளில் வசீராபாதில் தங்கள் வீட்டின் நிலவறையிலும் மொட்டை மாடியிலுமே கரும்பருந்துகளுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார்கள். 2022-இல் ஷௌனக் சென் எடுத்த ‘ஆல் தட் பிரீத்ஸ்’ ஆவணப்படம் இவர்களைப் பற்றியது. சண்டான்ஸிலும் கானிலும் பரிசு பெற்று ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அவர்கள் பறவைகளுக்கு அரைத்துக் கொடுப்பது எருமைக்கறி. உசீனரன் தருவதாகச் சொன்ன பட்டியலில் எருமையும் இருந்தது தற்செயல்தான்.

ஜைன மருத்துவமனையின் நிலையைக் குறுகிய மனம் என்று ஒதுக்குவது எளிது, நியாயமல்ல. ஜைன அறத்தில் கொலை மூன்று வழிகளில் ஒட்டிக்கொள்கிறது: தானே செய்வது, பிறரைச் செய்யவைப்பது, பிறர் செய்ததற்கு உடன்படுவது. இறைச்சி வாங்கிப் பருந்துக்குப் போடுகிறவர் முதல் வழியில் தப்பினாலும் மற்ற இரண்டிலும் மாட்டிக்கொள்கிறார். தமிழ் மரபும் இதில் மென்மையாக இல்லை. புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் வள்ளுவர் தனித்தனி அதிகாரம் வைத்தார். இன்னும் நேரடியானவர் வள்ளலார். பசி தீர்ப்பதையே வழிபாடாக்கியவர் அவர். வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அந்த வள்ளலாரே ஓருயிரைக் கொன்று இன்னோருயிரின் பசியாற்றுவது ஜீவகாருண்யம் ஆகாது என்று தீர்த்துச் சொல்கிறார். பருந்துக்குஞ்சை வளர்ப்பதற்கு எதிராக வைக்கக்கூடிய வாதங்களில் இதைவிட வலுவானதை நான் பார்த்ததில்லை. பசியின் கொடுமை அறியாத ஒருவர் சொன்னதாக இருந்தால் தள்ளிவிடலாம். சொன்னவர் பசியை எல்லாரையும்விட ஆழமாக அறிந்தவர்.

ஆனால் அந்தத் தீர்ப்புக்குள் ஓர் அனுமானம் இருக்கிறது. பசித்தவருக்குக் கொடுக்க வேறு உணவு உண்டு என்ற அனுமானம் அது. மனிதரைப் பொறுத்தவரை அது உண்மை; சோறு இருக்கிறது, கஞ்சி இருக்கிறது. பருந்துக்குஞ்சுக்கு அப்படி எதுவும் இல்லை. திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து பண்டாரத்தின் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகவில்லையா என்று கேட்கலாம். சாப்பிட்டன, அவை மஞ்சள்முகப் பாறுகள் என்ற பிணந்தின்னிக் கழுகுகள். அவை வளர்ந்த, சுதந்திரமான பறவைகள். பாறையில் ஒரு வாய் பொங்கல் உண்டுவிட்டு, தமக்கு வேண்டிய மற்றதை வேறிடத்தில் தேடிக்கொண்டவை. கடந்த நூற்றாண்டின் இறுதியிலிருந்து அவை வருவதுமில்லை. வளரும் குஞ்சின் உடல் வேறு கணக்கில் ஓடுகிறது. சில வாரங்களில் முழுப் பறவையின் எலும்புக்கூட்டைக் கட்டி முடித்தாக வேண்டிய உடல் அது. இறைச்சியைக்கூட வெறும் சதையாக மட்டும் ஊட்டினால் சுண்ணாம்புச் சத்து போதாமல் கால் எலும்பு வளைந்துவிடும். சிறகெலும்பு தானாகவே முறியும். அதனால்தான் எலியையோ கோழிக்குஞ்சையோ எலும்போடு நறுக்கிக் கொடுக்கிறார்கள். சற்று வளர்ந்த ஆந்தைக்குஞ்சு மயிரையும் எலும்பையும் சேர்த்து விழுங்கி, செரிக்காததை உருண்டையாகக் கக்கினால்தான் அதன் வயிறு ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். இரக்கப்பட்டுப் பாலும் பிரெட்டும் ஊட்டுகிறவர்கள் குஞ்சை மெதுவாகக் கொல்கிறார்கள். ஆக, இங்கே சைவம், அசைவம் என்ற தேர்வே கிடையாது. இறைச்சி ஊட்டுவது அல்லது சாகவிடுவது, இரண்டில் ஒன்றுதான்.

சாகவிடுவதில் என்ன தவறு என்பது அடுத்த தடை. இயற்கையில் குஞ்சுகள் சாவது வழக்கம்தானே. இரைகொல்லிப் பறவைகளில் பல இனங்களில் கூட்டைவிட்டுப் பறந்தவற்றில் பாதிக்கு மேல் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லையே? உண்மை. காட்டின் நடுவே, மனிதரின் கை படாத காரணத்தால் தாயை இழந்த குஞ்சை எடுத்து வளர்க்கும் கடமை யாருக்கும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் மீட்பு மையங்களுக்கு வரும் குஞ்சுகள் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. கூடிருந்த மரத்தை வெட்டியிருப்பார்கள். தாய் மின்கம்பியில் சிக்கியிருக்கும். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல் சிறகை அறுத்திருக்கும். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுக்கத் தடைசெய்த பிறகும் அது கடைகளிலிருந்து மறையவில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து செத்த மாட்டின் வழியே பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்து, வெண்முதுகுக் கழுகுகளை 1992-க்கும் 2007-க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைத்ததே, அதை இயற்கை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஜைனரின் செய்யாமை ஒரு பெரிய அறம். செய்கை இன்னும் தொடங்காத இடத்தில்தான் அது சுத்தமானது. நம் கையால் கூடு கலைந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைச் செய்யாமை என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே செய்ததை முடித்துவைப்பது என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு கூர்மையான வாசகர் குறுக்கிடுவார். தவறு செய்தவன் மனிதன், கடன்பட்டவன் மனிதன். அந்தக் கடனை எலியின் உயிரால் அடைப்பது என்ன நியாயம்? ஒரு கூகைக்குஞ்சு வளரும் பருவத்தில் இரவுக்கு மூன்று நான்கு எலிகளைத் தின்னும். ஒன்றைக் காக்க நூறைக் கொடுப்பது கணக்கில் உதைக்கிறதே? மேற்கத்தியத் தத்துவவாதிகளில் சிலர் இந்தக் கணக்கை அதன் எல்லை வரை கொண்டுபோயிருக்கிறார்கள். ஜெஃப் மெக்மஹான் 2010-இல் எழுதிய ஒரு கட்டுரையில், பெரிய தீங்கு நேராமல் செய்ய முடியுமானால் ஊனுண்ணும் விலங்கினங்கள் உலகிலிருந்து இல்லாமல் போவதையே நாம் விரும்ப வேண்டும் என்ற அளவுக்கு வாதிட்டார். கூகை எலியைத் தின்று நெல்லைக் காக்கிறது என்று பயனைக் காட்டி இதற்குப் பதில் சொல்வார்கள் பலர். அந்தப் பதிலை நான் சொல்லப்போவதில்லை. பயனில்லாத பருந்துக்குஞ்சுக்கும் பசி அதேதான். என் பதில் வேறு. உயிர்களை எண்ணிக் கூட்டிக் கழிக்கும் இடத்தில் நாம் நின்றால், எந்த உயிர் எப்படி வாழ வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம். அந்த உரிமையை மனிதர் கையில் கொடுத்துப் பார்த்ததன் பலன் நம் நாட்டிலேயே இருக்கிறது. பிணந்தின்னிக் கழுகுகள் போனதும் தெருநாய்களும் நோயும் பெருகியதால் 2000-க்கும் 2005-க்கும் இடையில் சுமார் ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கும் என்று 2024-இல் வெளிவந்த ஒரு பொருளியல் ஆய்வு மதிப்பிட்டது. அங்கே அழிவு தெரியாமல் நடந்தது. தெரிந்தே செய்யப் புறப்படுவோர் இன்னும் அஞ்ச வேண்டும்.

எலியின் பக்கமும் ஒரு நியாயம் மிச்சமிருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. வெளிநாட்டு மையங்கள் பெரும்பாலும் கொடுப்பது, முட்டைத் தொழிலில் பிறந்த நாளே கொல்லப்படும் ஆண் கோழிக்குஞ்சுகளை. உலகில் ஆண்டுக்கு எழுநூறு கோடி அளவில் அவை அழிக்கப்படுவதாக மதிப்பீடு. பருந்துக்காக யாரும் அவற்றைக் கொல்லவில்லை, நம் தட்டிலுள்ள முட்டைக்காகக் கொன்றிருக்கிறார்கள். கசாப்புக் கடையில் மிஞ்சும் எருமைக்கறியும் ஓரளவு அப்படித்தான். இதனால் கறை குறைகிறது. போய்விடுகிறது என்று சொல்ல மாட்டேன். கதையின் அரசன் இந்தச் சிக்கலிலிருந்து தப்பிய ஒரே வழி தன் சதையையே தட்டில் வைத்தது. மூன்றாவது உயிர் எதையும் இழுக்காமல் கடனை அடைத்துவிட்டான். ஜைனர்களும் இதே கதையைச் சாந்திநாத தீர்த்தங்கரரின் முற்பிறவியில் மேகரதன் என்ற அரசன்மேல் ஏற்றிச் சொல்கிறார்கள்; அங்கும் பருந்தின் பசி பொய்யென்று தள்ளப்படவில்லை. அரசனைப் போலத் தன் சதையைக் கொடுப்பது நம்மால் முடியாது. முடியாதவர்கள் செய்யக்கூடியது, கொடுக்கும் ஒவ்வொரு துண்டும் வேறோர் உயிரிடமிருந்து வந்தது என்பதை மறக்காமல், தேவைக்கு மேல் ஒரு துண்டும் கொடுக்காமல் இருப்பது. வள்ளலாரின் தீர்ப்பு இங்கேதான் எனக்குப் பயன்படுகிறது. இந்தச் செயலைப் புண்ணியம் என்று கொண்டாடிக்கொள்ள அது விடாது. பழைய டெல்லியில் தலைமுறைகளாக முஸ்லிம்கள் பருந்துகளுக்கு இறைச்சித் துணுக்குகளை வானத்தில் வீசிவருகிறார்கள். அது தர்மம், துன்பம் நீக்கும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அநாதைக் குஞ்சை வளர்ப்பது அந்த வகைத் தர்மம் ஆகாது. கொடுப்பவர் தனக்கென்று எதையும், நன்றியைக்கூட, பெறாதிருந்தால்தான் அது வெற்றி பெறும்.

நான் தத்துவமாகச் சொல்வதைவிட இதைப் பறவையின் உடலே தெளிவாகச் சொல்கிறது. கான்ராட் லோரன்ஸ் 1930-களில் வாத்துக்குஞ்சுகளிடம் விரிவாக ஆராய்ந்தது இன்று பள்ளிப் பாடம்: முதலில் பழகிய உருவத்தைக் குஞ்சு தன் இனமாகப் பதித்துக்கொள்ளும். பருந்தும் ஆந்தையும் இதற்கு விலக்கல்ல. மனித முகத்தைப் பார்த்து, மனிதக் குரலைக் கேட்டு, மனித விரலிலிருந்து உண்டு வளர்ந்த குஞ்சு மனிதரையே தாயாக, பிறகு துணையாக, பிறகு எதிரியாகக் கருதும். தன் இனத்தோடு கூடாது. பசித்தால் தெருவில் நடப்பவர்மேல் பாயும். அன்பு மிகுந்த வளர்ப்பாளரின் குஞ்சு ஆயுள் முழுக்கக் கூண்டில் இருக்க நேர்வது இதனால்தான். கலிஃபோர்னியக் கழுகுகள் 1987-இல் உலகிலேயே 27 மட்டுமே மிஞ்சி, அத்தனையும் பிடித்துக் காப்பகத்துக்குக் கொண்டுபோகப்பட்டபோது, பிறந்த குஞ்சுகளுக்குக் கழுகுத் தலை வடிவில் செய்த கையுறைப் பொம்மையால்தான் ஊட்டினார்கள்; ஊட்டியவரைக் குஞ்சு பார்க்கவே கூடாது. 1992-இல் விடுவிக்கத் தொடங்கினார்கள். பொம்மையும் போதவில்லை என்று பின்னால் தெரிந்தது. பொம்மை பசியாற்றும், கண்டிக்காது. அதட்டி ஒழுங்கு சொல்லித்தரும் வளர்ந்த கழுகுகளோடு வைத்த குஞ்சுகளே காட்டில் ஒழுங்காக நடந்துகொண்டன. மிசோரி மாநிலத்து ‘வேர்ல்டு பேர்டு சாங்ச்சுவரி’யில் மர்ஃபி என்று ஓர் ஆண் வெண்தலைக் கழுகு இருந்தது, பறக்க முடியாது, வயது 31. 2023 வசந்தத்தில் அது ஒரு கல்லைக் கூட்டில் வைத்து அடைகாக்கத் தொடங்கி உலகத்தைச் சிரிக்கவைத்தது. அதே நாட்களில் புயலில் கூடு விழுந்து பெற்றோரைப் பிரிந்த ஒரு குஞ்சு அங்கே வந்துசேர, கல்லை எடுத்துவிட்டுக் குஞ்சை மெல்ல மெல்லப் பழக்கி விட்டார்கள். தனக்கு வைத்த உணவைக் கிழித்து மர்ஃபி அதற்கு ஊட்டியது. பின்னர் குஞ்சு காட்டுக்குப் போய்விட்டது. மனிதர் அங்கே செய்தது உணவை வைத்துவிட்டு விலகி நின்றது மட்டுமே. நல்ல வளர்ப்பின் உச்சமும் அதுதான்.

விடுவிக்கும் முறையிலும் இதே கதைதான். வல்லூறு பழக்கும் வேட்டைக்காரர்கள் பல நூற்றாண்டாக வைத்திருந்த ஒரு வழியை டாம் கேட் 1970-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெரெக்ரின் நிதியம் எடுத்துக்கொண்டது. உயரமான கோபுரத்தில் அல்லது பாறை விளிம்பில் ஒரு பெட்டி, அதற்குள் குஞ்சுகள், மறைந்திருந்து குழாய் வழியே தள்ளிவிடும் உணவு. இறக்கை முதிர்ந்ததும் பெட்டியின் முன்பக்கம் திறந்துவிடப்படும். குஞ்சு பறந்து போய் வரும். தோற்றுத் திரும்பினால் உணவு அங்கே இருக்கும். வேட்டை கைவந்ததும் வருவது தானாக நின்றுபோகும். டிடிடி பூச்சிமருந்து 1972-இல் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டதோடு இந்த உழைப்பும் சேர்ந்து, 1999-இல் பைரி வல்லூறு அந்நாட்டின் அழியும் இனப் பட்டியலிலிருந்து நீங்கியது. உயிருள்ள எலியைக் கூண்டுக்குள் விட்டு வேட்டை பழக்கும் முறையும் பல இடங்களில் உண்டு. தப்பிக்க இடமில்லாத எலியைக் கொலைக்கு விடுவது எனக்கு உறுத்துகிறது. வெட்டவெளியில் எலிக்கும் ஓடி ஒளிய வழி இருக்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் தவிர, பெட்டி முறையே அறத்துக்கு நெருக்கமானது என்பேன்.

ஆகவே என் முடிவு இது: பருந்துக்குஞ்சுக்கு இறைச்சி ஊட்டி வளர்ப்பது கருணைதான். கருணையை அளக்க வேண்டியது கொடுப்பவரின் தூய்மையால் அல்ல, பெறுகிற உயிரின் இயல்பால். ஜைன மருத்துவமனை தன் தூய்மையைக் காத்தது, அதற்கான உரிமை அதற்கு உண்டு. பறவையை ஏற்றுக்கொண்டவர்கள் கறையோடு ஒரு கடனைத் தீர்த்தார்கள். ஆமதாபாதில் ஜீவதயா அறக்கட்டளை 2022-இன் கடும் வெயிலில் நீர் வற்றி விழுந்த புறாக்களோடு பருந்துகளையும் சேர்த்தே எடுத்துக் காப்பாற்றியதைப் பார்த்தால், ஜீவதயா என்ற அந்த ஜைன மரபின் சொல்லுக்குள்ளேயே இரண்டுக்கும் இடம் இருப்பதாகத் தோன்றுகிறது.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். மரத்தடியில் பருந்துக்குஞ்சோ ஆந்தைக்குஞ்சோ கிடந்தால் முதலில் மேலே பாருங்கள். அது அநாதையாக இல்லாமலும் இருக்கலாம். பறக்கப் பழகும் ஆந்தைக்குஞ்சுகள் கிளை தவறி விழுவதும், பெற்றோர் அருகிலேயே இருப்பதும் சாதாரணம். காயமில்லை என்றால் கூட்டில், முடியாவிட்டால் அதே மரத்தில் கட்டிய ஒரு கூடையில், திரும்ப வைக்கலாம். மனித வாடைக்காகத் தாய் அதை ஒதுக்காது. காயமிருந்தால் காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில், துணி விரித்து, இருட்டில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால், சோறு, வாயில் தண்ணீர் எதுவும் வேண்டாம். வீட்டில் வைத்து வளர்க்க மனம் இழுக்கும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.